தூக்கணாங்கண்ணி

12 அக்டோபர் 1987, திங்கள்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. வடிவு காலையிலிருந்து குடங்களை வரிசையாக வைத்து அவற்றோடு பேசிக்கொண்டிருந்தாள். புருஷனோடு பேசினால் சண்டை வருமாம்.

யாழ்ப்பாணத்தில் உண்மையாகவே சண்டை வந்துவிட்டது. சமாதானம் காக்கப் போன நம் பட்டாளத்துக்கு ஆகஸ்டில் ஆரத்தி எடுத்த ஊர் அது. இப்போது நம் பட்டாளமும் பையன்களும் அடித்துக்கொள்கிறார்கள். இங்கே எல்லோரும் அவர்களைப் பையன்கள் என்றுதான் சொல்லிவந்தோம். இன்றைய பேப்பரில் 'தீவிரவாதிகள்' என்று போட்டிருக்கிறது. இத்தனை வேகமாக ஒரு சொல் மாறியதை என் முப்பது வருஷ மொழிபெயர்ப்பு உத்தியோகத்தில் நான் பார்த்ததில்லை.

அலுவலக மாடிப்படியில் யாரோ 'சுவற்றில் எச்சில் துப்பாதீர்' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பென்சிலால் 'சுவரில்' என்று திருத்தினேன். துப்புகிறவன் துப்பட்டும், தமிழாவது சரியாக இருக்கட்டும்.

மதியம் எங்கள் பிரிவுத் தலைவர் வைத்தியநாதன் சார் கூப்பிட்டு அறைக் கதவைச் சாத்தச் சொன்னார். பதினோரு வருஷமாக அவரிடம் வேலை பார்க்கிறேன். கதவைச் சாத்தச் சொன்னது இது இரண்டாவது முறை.

"உக்காருங்க குற்றாலம். நாளையிலேர்ந்து ராணுவத்துக்குக் கொஞ்ச நாள் வேலை. அங்க பிடிச்ச நோட்டுப் புஸ்தகம் எல்லாம் வருது. இங்கிலீஷ்ல பண்ணிக் குடுக்கணும்."

"சரி சார்."

"எண்பத்தஞ்சுல நீங்க ரெண்டு மாசம் லீவுல இருந்தீங்க. மஞ்சள் காமாலை. ஞாபகம் இருக்கில்லே?"

"இருக்கு சார்."

"நல்லது. உடம்பைப் பாத்துக்குங்க."

எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை.

13 அக்டோபர், செவ்வாய்

ராணுவத்திலிருந்து வந்திருப்பவர் மேஜர் குரியன், கோட்டயத்துக்காரர். தமிழ் பேசுவார், படிக்க வராது. ஒரு சாக்குப் பையிலிருந்து மேஜைமேல் கொட்டினார். எல்லாம் பள்ளிக்கூட நோட்டுகள், பின்னட்டையில் வாய்ப்பாடு போட்டவை. ஒன்றின் ஓரம் கருகியிருந்தது.

முதல் நோட்டு கண்ணிவெடி வைப்பது பற்றி. நடை நன்றாக இருக்கிறது. சந்திப்பிழை அபூர்வம். வெடிப்பான், திரி, அழுத்துவிசை என்று கலைச்சொற்களெல்லாம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராக வருகின்றன. யாரோ பொறுப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் வடிவு கேட்டாள், "ஏன் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கீய? கொழம்பு நல்லாயில்லையா?" நன்றாகத்தான் இருந்தது.

14 அக்டோபர், புதன்

பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி. 'பத்துக்கு மூன்று தூக்கணாங்கண்ணி. சந்திகளில் பத்துக்கு ஐந்து.' வேறு விளக்கம் இல்லை.

குரியன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "இது எந்தா வார்த்தை சாரே? குருவி பேரு மாதிரி இருக்கே?"

தூக்கணாங்குருவிக் கூடு மரத்தில் தொங்கும், அதுபோலத் தொங்கவிட்ட கண்ணியாக இருக்கலாம் என்றேன்.

"அப்போ மரத்துல நோக்கணும், அல்லே?"

"இருக்கலாம்" என்றேன். 'ஹாங்கிங் மைன்' என்று எழுதிக்கொடுத்தேன். அவர் அதைச் சிவப்பு மையால் கோடிட்டு உடனே கம்பியில்லாத் தந்திக்கு அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தேன். தூக்குதல் என்றால் தொங்கவிடுதல் என்ற பொருள் உண்டு. உயர எடுத்தல் என்ற பொருளும் உண்டு. நான் எழுதியது அகராதிப்படி பிழை அல்ல.

15 அக்டோபர், வியாழன்

பிழை அல்ல.

17 அக்டோபர், சனி

செண்பகராமனிடமிருந்து கடிதம். என் அக்கா பகவதியின் ஒரே மகன். அப்பா இல்லாத பிள்ளை. கடையத்திலிருந்து எட்டாம் வகுப்பில் எங்களிடம் வந்தவன், எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறை அவனால்தான் தெரியவில்லை. பட்டாளத்தில் சேர விண்ணப்பம் எழுதிக்கொடுத்ததும் நான்தான். இருபத்துநான்கு வயது. தையில் கல்யாணம், பெண் ஆழ்வார்குறிச்சி. யாழ்ப்பாணத்தில் இருக்கிறான் என்று தெரியும். என்ன வேலை என்று இதுவரை எழுதியதில்லை. காயம்பட்டு விமானத்தில் வந்த யாரோ ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான்.

வடிவுக்குப் படித்துக் காட்டினேன். முக்கியமான பகுதியை இங்கே எழுதி வைக்கிறேன்:

'மாமா, நேற்று ஒருவனைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். என் வயசுதான் இருக்கும். தமிழில் எழுந்திரு என்று நான் எத்தனை தரம் சொல்லியும் அவன் அசையவில்லை. எங்கள் ஹவில்தார் எரிச்சலில் "சாவ்தான்!" என்று கத்தினார். அவ்வளவுதான், குதிகாலைச் சேர்த்து விறைத்து நின்றுவிட்டான், அசல் நம் பட்டாளக்காரன் மாதிரி. நின்ற பிறகு அவனுக்கே வெட்கமாகிவிட்டது, தலையைக் குனிந்துகொண்டான். எங்களுக்கும்தான். இவர்களுக்கு நம் டிரில் எப்படித் தெரியும் மாமா?

'என்னைக் கண்ணி எடுக்கும் பார்ட்டியில் போட்டிருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.'

"கண்ணி எடுக்கதுன்னா?" என்று கேட்டாள் வடிவு.

"புதைச்சு வச்சிருக்கிற வெடியத் தோண்டி எடுக்கிறது."

"முருகா!" என்றவள் எழுந்துபோய் ஒரு ரூபாய்க் காசை மஞ்சள் துணியில் முடிந்தாள்.

19 அக்டோபர், திங்கள்

இன்று தைரியமாக வைத்தியநாதன் சார் அறைக்குப் போய் நானே கதவைச் சாத்தினேன். ஒரு சொல்லைத் திருத்த வேண்டும் சார் என்றேன்.

"எந்தச் சொல்?" சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் ஞாபகம் இருக்கிறது.

"இப்பப் போய்த் திருத்தினா, புதுசா எப்படித் தெரிஞ்சுதுன்னு கேப்பான். என்ன சொல்வீங்க? நான் அங்க இருந்தேன்னா? நீங்க அங்க இல்லையே குற்றாலம். யாருமே அங்க இல்லை. அப்படி ஒரு இடமே இல்லை. வெளியில சொல்ல மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"அங்க நம்ம ஆளுங்க கண்ணி எடுக்கிறாங்க சார்."

"அகராதி என்ன சொல்லுது?"

"ரெண்டும் சொல்லுது."

"அப்புறம் என்ன?"

வெளியே வந்தேன். படியில் இறங்கும்போது என் மனம் லேசாக இருந்தது. இதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் லேசாகத்தான் இருந்தது.

21 அக்டோபர், புதன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வடிவு ராமனுக்கென்று ஒரு வேட்டியும் சட்டையும் எடுத்து மஞ்சள் வைத்து பீரோவில் வைத்தாள். தெருவில் முதல் வெடி வெடித்ததும் காப்பியைக் கொட்டிவிட்டேன். நாளை குரியனிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

22 அக்டோபர், வியாழன்

குரியன் வரவில்லை.

23 அக்டோபர், வெள்ளி

குரியன் வரவில்லை. ரேஷனில் பாமாயில் போட்டார்கள். ஒன்றரை மணி நேரம் வரிசை.

27 அக்டோபர், செவ்வாய்

தந்தி. ராமனுக்குப் படுகாயம். இங்கே ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

29 அக்டோபர், வியாழன்

நேற்றும் இன்றும் ஆஸ்பத்திரி. வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. இடது கண்ணில் கட்டு. பார்வை வருமா என்று ஒரு வாரம் கழித்துத்தான் சொல்வார்களாம். அக்கா ஊரிலிருந்து வந்துவிட்டாள். ஊரைக் கூட்டி அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. அந்தக் கை இருக்க வேண்டிய இடத்தில் போர்வையை நீவி நீவி விட்டுக்கொண்டிருக்கிறாள்.

வடிவு ரசம் சாதம் குழைத்துக் கொண்டுபோய் ஊட்டினாள். "இந்த வெடிய வைக்கச் சொல்லிக் குடுத்த கட்டையில போவான் எவனோ, அவன் கை அழுகித்தான் சாவான்" என்று வார்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவள் கோபத்தில் பேசுகிறவள். நான் டிபன் கேரியரைக் கழுவப் போய்விட்டேன்.

2 நவம்பர், திங்கள்

ராமன் இன்றுதான் வாய்திறந்து பேசினான். அக்காவும் வடிவும் காப்பி குடிக்கப் போயிருந்தார்கள். நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன்.

"சிங்காரம்னு ஒருத்தன் மாமா. தர்மபுரிப் பக்கம். எனக்கு ரெண்டு வருசம் சீனியர். எங்களுக்கு ஒரு சர்க்குலர் வந்துச்சு. இவங்க புதுசா ஒரு கண்ணி வைக்காங்க, அது மரத்துல தொங்கும், எல்லாரும் மேல பாருங்கன்னு. அதனால எங்கள ரெண்டு ரெண்டு பேராப் பிரிச்சாங்க. ஒருத்தன் கீழ எடுக்கணும், இன்னொருத்தன் மேல பாக்கணும்."

கொட்டையை எடுத்து ஒரு சுளையை அவன் வாயில் வைத்தேன். மென்று முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"அவன் எடுத்தான். நான் பாத்தேன். அங்க எல்லாம் பனைதான மாமா, ஒவ்வொரு பனையா ஓலை ஓலையாப் பாத்தேன். ஒண்ணும் தொங்கல. க்ளியர்னு கத்துனேன். அவன் தூக்கினான்."

"ராமா, போதும்டா."

"எங்கயோ தொங்கியிருக்கு. நான்தான் சரியாப் பாக்கல. க்ளியர்னு என் வாயால சொன்னேன் மாமா. அவன் என்னப் பாத்துச் சிரிச்சிட்டுல்லா குனிஞ்சான்."

மரத்தில் ஒன்றும் தொங்கியிருக்கவில்லை. அது கண்ணிக்கு அடியில் இருந்தது. மேலே உள்ள கண்ணியைச் செயலிழக்கச் செய்துவிட்டு நிம்மதியாகத் தூக்குகிறவனுக்கென்று அடியில் வைப்பது அது. தூக்கினால் வெடிக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பெயரை வைத்தவன் நான்.

3 நவம்பர், செவ்வாய்

இதுவரை எழுதாமல் விட்டதை இன்று எழுதிவிடுகிறேன்.

எண்பத்தைந்தில் எனக்குக் காமாலையும் வரவில்லை, வடிவிடம் சொன்னபடி டெல்லிக்கு டெபுடேஷனும் போகவில்லை. வடக்கே ஒரு மலையடிவாரம். ஊர்ப் பெயர் எனக்கே சொல்லவில்லை. கூடாரம் போட்டு முந்நூறு பையன்களுக்கு நம் அதிகாரிகள் பயிற்சி கொடுத்தார்கள். அதிகாரிகளுக்கு இங்கிலீஷும் இந்தியும், பையன்களுக்கு யாழ்ப்பாணத் தமிழ். நடுவில் நான். பகலில் வகுப்பில் நின்று சொல்வேன், மாலையில் பாடக்குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொடுப்பேன்.

கொழும்பு நம் பேச்சைக் கேட்க வேண்டுமானால் இவர்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்று டெல்லியில் கணக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு இவர்களும் நம் பேச்சைக் கேட்பார்கள் என்று யார் கணக்குப் போட்டார்களோ தெரியாது. நான் அதையெல்லாம் யோசிக்கவில்லை. எண்பத்து மூன்றில் கொழும்புக் கலவரச் செய்திகளைப் படித்துவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதவன் நான். அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது ஏதாவது செய்ய மாட்டார்களா என்று ஏங்கினேன். அதில் பொய் கிடையாது.

ஈசன் என்று பருத்தித்துறைப் பையன் ஒருவன், முன்வரிசையில் உட்காருவான். குளிரில் பல் அடித்துக்கொள்ளும். டெல்லி குளிருமே என்று வடிவு எனக்குப் பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, ரயிலில் தொலைந்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். ஒருநாள் வகுப்பில் அவன்தான் எழுந்து கேட்டான்: "மாஸ்டர், தூக்கினா வெடிக்கிறதுக்குத் தமிழிலை என்ன பேர்?"

ஒரு நிமிஷம் யோசித்தேன். "தூக்கணாங்கண்ணி" என்றேன்.

கூடாரமே சிரித்தது. கை தட்டினார்கள். "நல்ல பேர் மாஸ்டர்!" என்றான் ஈசன். விதை நெல் சுற்றறிக்கையும் டெண்டர் அறிவிப்பும் மொழிபெயர்த்தே காலத்தைக் கழித்தவன் நான். என் தமிழுக்கு யாரும் கை தட்டியதில்லை. அன்று கூடாரத்துக்குத் திரும்பும்போது அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

திரும்பி வந்தபோது மலை வெயிலில் கறுத்து, நன்றாகத் தின்று பெருத்திருந்தேன். காமாலையிலிருந்து தேறியவனுக்கென்று அலுவலகத்தில் எல்லோரும் சாத்துக்குடி வாங்கி வந்தார்கள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அந்த நோட்டு ஈசனுடையதா என்று தெரியவில்லை. பெயர் இல்லை. வாக்கியங்கள் என்னுடையவை. முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. சந்திப்பிழை அபூர்வம் என்று இதே டைரியில் மெச்சிக்கொண்டேன்.

இன்னொன்று. 22ஆம் தேதியும் 23ஆம் தேதியும் 'குரியன் வரவில்லை' என்று எழுதியிருக்கிறேன். அவருடைய தொலைபேசி எண் என் சட்டைப்பையில் இருந்தது. ரேஷன் கடைக்கு எதிரிலேயே போன் இருக்கிறது. ராமன் க்ளியர் என்று கத்தியது 25ஆம் தேதி.

இன்று மதியம் அந்தப் போனிலிருந்துதான் குரியனைக் கூப்பிட்டேன். வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சாருக்கு எப்போ மனசிலாச்சு?"

"முதல் நாளே."

"பதினாலாம் தேதி."

"ஆமா."

விரலை மடக்கி எண்ணினார். "இருபது நாள். இருபது நாள்ல எத்தனை பேர்னு அறியுமோ சாரே?"

அவருக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து இங்கிலீஷில் திருத்தத்தை எழுதினார். 'தூக்கணாங்கண்ணி: தொங்குவது அல்ல. எடுத்த கண்ணிக்கு அடியில் இருப்பது. கையால் தூக்க வேண்டாம், தூரத்திலிருந்து கயிறு கட்டி இழுக்கவும்.' அரைமணி நேரத்தில் போய்விட்டது. அரைமணி நேர வேலை.

போகும்போது கதவருகே நின்றார். "அந்தக் கேம்ப்ல க்ளாஸ் எடுத்தவன் என் பேட்ச்மேட். இப்போ யாழ்ப்பாணத்துலதான் இருக்கான். அவனும் வாய் திறக்கல" என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. ஆறுதலாக இல்லை.

6 நவம்பர், வெள்ளி

வைத்தியநாதன் சார் கூப்பிட்டார். சஸ்பெண்ட் செய்வார், கையெழுத்து மீறலுக்குக் கேஸ் போடுவார் என்று தயாராகப் போனேன். நேற்றிலிருந்து அதற்காக ஏங்கிக்கொண்டுகூட இருந்தேன்.

"என்னய்யா இப்படிப் பண்ணிட்டீரே" என்றார். "உம்ம மேல என்னன்னு எழுதறது? எண்பத்தஞ்சுல எழுதின பாடத்தைப் பத்திச் சொன்னதுக்கா? ரெக்கார்டுல நீர் அப்ப காமாலையில படுத்திருக்கீர். காமாலைக்காரன் மேல நடவடிக்கை எடுக்க முடியாது. போய் வேலையைப் பாரும்."

"அந்தப் பையன்கள் சார்..."

"அப்ப நம்ம பையன்கள். இப்ப இல்லை. நாம மறந்துட்டோம், அவங்க மறக்கலை. அதுதான் தகராறு."

போய் வேலையைப் பார்த்தேன். உரம் பற்றிய சுற்றறிக்கை.

8 நவம்பர், ஞாயிறு

கண் கட்டு அவிழ்த்தார்கள். இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது.

ராமன் சிங்காரத்தின் அப்பாவுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றான். அரூர் பக்கத்து ஊர், பெயர் மாதப்பன். "நீங்க எழுதுங்க மாமா, நான் சொல்லுதேன். உங்க கையெழுத்து நல்லாயிருக்கும்."

அவன் சொன்னான், நான் எழுதினேன். 'உங்கள் மகன் சாவுக்கு நான்தான் காரணம். மரத்தைச் சரியாகப் பார்க்காமல் க்ளியர் என்று சொல்லிவிட்டேன். என்னை மன்னிக்க வேண்டாம்.' சொல்லச் சொல்ல எழுதினேன். ஒற்றுப்பிழை வராமல் பார்த்துக்கொண்டேன். முகவரி எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நாளைக்குப் போட்டுவிடுகிறேன் என்றேன்.

சொன்னதை எழுதுவதுதான் மொழிபெயர்ப்பாளன் வேலை என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீ.

11 நவம்பர், புதன்

கடிதம் இன்னும் பையில்தான் இருக்கிறது. மழை.

12 நவம்பர், வியாழன்

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா சொல்லியனுப்பினாள். ராமன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். பெண் வீட்டுக்காரர்கள் பார்க்க வந்தார்களாம். நல்லவர்கள், தேதியை மாற்ற வேண்டாம் என்றுதான் சொன்னார்களாம். இவன்தான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, ஆளைக் கொன்றவனுக்கு எதற்குக் கல்யாணம் என்றானாம்.

14 நவம்பர், சனி

சொல்லிவிட்டேன்.

அக்காவையும் வடிவையும் உட்கார வைத்துக்கொண்டு அவன் முன்னால் சொன்னேன். மலையடிவாரம், வகுப்பு, சொல், 14ஆம் தேதி, பையில் இருந்த போன் நம்பர். எதையும் விடவில்லை. நடுவில் ஒருமுறை நர்ஸ் ஊசி போட வந்தாள். அவள் போகும்வரை நிறுத்தி, பிறகு தொடர்ந்தேன்.

"மரத்துல எதுவுமே இல்லடா. நீ சரியாத்தான் பாத்த. ரொம்பச் சரியாப் பாத்த. நான்தான் தப்பா எழுதினேன். தெரிஞ்சே எழுதினேன்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. வடிவுதான் முதலில் பேசினாள்.

"அப்ப டெல்லி?"

"டெல்லி இல்ல."

"கம்பளிச் சட்டை?"

"அங்க ஒரு பையனுக்குக் குடுத்தேன். குளிர்ல நடுங்கினான்."

"அதையாவது ஒழுங்காப் பண்ணுனியளே" என்று சொல்லி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வெளியே போனாள். கை அழுகிச் சாவான் என்று அன்று சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

ராமன் நல்ல கண்ணால் என்னைப் பார்த்தான்.

"அந்தப் பேர வச்சப்ப சிரிச்சீங்களா மாமா?"

"ஆமா."

"அவங்க?"

"கை தட்டினாங்க."

யார் முன்னால் உட்கார்ந்து என்ன சொன்னேன் என்று வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது. அவன் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த லெட்டரப் போட்டுட்டீங்களா?"

இல்லை என்று எடுத்துக் காட்டினேன்.

"கிழிச்சிருங்க. நீங்க எழுதுங்க, உங்க பேர்ல. கை தட்டினதையும் எழுதுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன், படித்துக் காட்டினேன். ஓரிடத்தில் 'தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதியிருந்தேன். "நேந்துச்சா?" என்றான். அடித்துவிட்டு 'தவறு செய்தேன்' என்று எழுதினேன். கீழே முழுப் பெயரும் வீட்டு முகவரியும் போட்டேன். கையெழுத்துக்கு எதிரான கையெழுத்து. சிவப்புப் பெட்டியில் போட்டபோது மணி ஐந்தேகால்.

15 நவம்பர், ஞாயிறு

ராமன் சாப்பிட்டானாம். அக்கா சொல்லி வடிவு சொன்னாள். நான் வார்டுக்குள் போகவில்லை, வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வர வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. வரச் சொல்லவும் இல்லை.

20 நவம்பர், வெள்ளி

வடிவு மறுபடியும் குடங்களோடுதான் பேசுகிறாள். ஒன்றிடம் மட்டும் சொன்னாள், என் காதில் விழும்படி: "ரெண்டு வருசம் ஒரு மனுசன் பக்கத்துலேயே படுத்துக் கெடந்திருக்கான், எனக்குத் தெரியல பாத்தியா."

தண்ணீர் வந்தது. நான் பிடித்து வைத்தேன்.

4 டிசம்பர், வெள்ளி

இன்லண்டு கடிதம் வந்தது. அனுப்புநர் மாதப்பன். காலையிலேயே வந்துவிட்டது, மாலையில்தான் பிரித்தேன். இப்படி இருந்தது:

'அய்யாவுக்கு மாதப்பன் எழுதுரது. கடுதாசி கெடச்சுது. பக்கத்தூட்டுப் பொண்ணு ரெண்டு தரம் படிச்சுச் சொல்லுச்சு, அதுதான் இதயும் எழுதுது. செம்பகராமன் தம்பி மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. தம்பிய வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க, கண்ணாலம் ஆனதும் கூட்டியாந்து காட்டச் சொல்லுங்க. சிங்காரத்தோட டிரங்குப் பொட்டி வந்துருச்சு. அதுல தம்பி போட்டோவும் இருக்குது.

'நீங்க உள்ளத எழுதிட்டிங்க. உங்கள என்ன சொல்லுரதுன்னு எனக்குத் தெரியல. நான் படிக்காதவன். ஒண்ணு மட்டும் கேக்குரன். அந்தப் பொருளுக்குத் தூக்குனா வெடிக்கும்னே பேர் வச்சிருந்தா, அது யார் கையில கெடச்சாலும் படிச்ச ஒடனே புரிஞ்சிருக்குமே. எம் மவனுக்கும் புரிஞ்சிருக்குமே. அவ்ளோ நல்ல தமிழ் எதுக்குங்கய்யா?'

அவ்வளவுதான் கடிதம். கீழே கைநாட்டு.

ஏழு எட்டுப் பிழை இருந்தது. பழக்கத்தில் பேனாவைத் திறந்துவிட்டேன், மூடி வைத்தேன்.

நாளை வார்டுக்குள் போய் ராமனுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும், கடைசி வரி உட்பட.